அல்பினை விடவேண்டுமா?

வணக்கம் அண்ணா,

நான் மல்லாவியில் உயர்தரம் படிக்கிறேன். சதுரங்கத்தில் கறுப்பில் ஆடும்போது டி4க்கு டி5, பிறகு சி4 வந்தால் உடனே இ5. காலாளைக் கொடுத்து ஆடும் அல்பின் கவுன்டர் காம்பிட் என்ற ஓப்பனிங். வலயப் போட்டியில் இதை வைத்துத்தான் வென்றேன், இரண்டு ஆட்டங்களை இணைத்திருக்கிறேன். மாகாணப் போட்டிக்கு முதல் இதை விட்டுவிட்டு ஸ்லாவ் என்ற இன்னொரு ஓப்பனிங்கைப் படிக்கச் சொல்கிறார் எங்கள் சேர். விடவா?

ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள தம்பி,

விடவேண்டாம். ஆனால் அனுப்பிய இரண்டு ஆட்டங்களிலும் எதிராளி நாலாவது நகர்வில் இ3 ஆடியிருக்கிறார். அதுதான் எனக்குக் கவலை.

வெள்ளை இ5ஐ வெட்ட, நீங்கள் டி4 தள்ளியபிறகு இ3 வந்தால் லஸ்கர் பொறி. பிஷப் பி4இல் செக், வெள்ளை பிஷப் டி2இல் மறைக்கிறது, உங்கள் காலாள் இ3ஐ வெட்டுகிறது. வெள்ளை ஆசைப்பட்டு பி4 பிஷப்பை எடுத்தால் அதே காலாள் எஃப்2ஐ வெட்டிச் செக். ராஜா அதை வெட்ட முடியாது, ராணி போய்விடும், இ2க்குத்தான் வரவேண்டும். இப்போது ஜி1 குதிரையை வெட்டிக் காலாளை ராணியாக்கினால் வெள்ளை முதலில் ராணிகளை மாற்றிவிட்டு, பிறகு புது ராணியையும் வெட்டிவிடும். ராணிக்குப் பதில் குதிரையாக்கினால் அதுவே செக்! கோட்டையால் வெட்டினால் பிஷப் ஜி4, வெள்ளை ராணி போச்சு. நீங்கள் காலாளைக் குதிரையாக்கிய இடத்தைப் பார்த்து உண்மையாகவே சந்தோசப்பட்டேன். ஆனால் வெள்ளை ஆறாவதில் பிஷப்பை விட்டுவிட்டு எஃப் காலாளால் இ3ஐ வெட்டினால் பொறி இல்லை. மாகாண மட்டத்தில் இ3யே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்போவது குதிரை எஃப்3, பிறகு ஜி3. நீங்கள் ஒரு காலாளைக் கொடுத்து வாங்கியது டி4இல் நிற்கும் காலாளைத்தான். வெள்ளைக் குதிரையை சி3க்கு நிம்மதியாக வரவிடாமல் அது மறிக்கிறது. பழைய வழியில் கறுப்பு ராணியை டி7க்குக் கொண்டுபோய் ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து ராஜாவைக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒதுக்கும். ஆனால் ஜி2 பிஷப் பி7ஐயே பார்த்துக்கொண்டிருக்கும், வெள்ளை பி4 தள்ளிக்கொண்டு வரும். உங்கள் ராஜா அங்கேதான் நிற்கிறது. ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் மொறோசெவிச் 2000களில் இதைப் பெரிய ஆட்டங்களில் எடுத்தபோது ஜி8 குதிரையை இ7க்கு விட்டார். அது ஜி6க்குப் போய், இ5இல் வெள்ளை வைத்திருக்கும் காலாளைத் திருப்பிக் கேட்கும். முதலில் இதைப் படியுங்கள்.

1893இல் நியூயோர்க்கில், இந்த ஓப்பனிங்குக்குப் பெயர் தந்த அல்பின் இதைப் பின்னாளில் உலகச் சாம்பியனான லஸ்கருக்கு எதிராக ஆடித் தோற்றார். அந்தப் போட்டியில் லஸ்கர் 13 ஆட்டங்களையும் வென்றவர், அதனால் அந்தத் தோல்வியை வைத்து ஓப்பனிங்கைக் குறை சொல்ல முடியாது. கணினி வெள்ளைக்குத்தான் சாதகம் என்கிறது, அது சரிதான். ஆனால் எதிரில் இருப்பது உங்கள் வயதுப் பிள்ளை. கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்க, அவரும் தானே யோசித்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஸ்லாவ் வாழ்நாள் முழுக்க உதவும். ஆனால் அதை ஒழுங்காகச் சொல்லித்தர ஒருவரைத் தேடி நம் பிள்ளைகள் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அல்பினை வீட்டில் தனியே இருந்து படித்துப் பிடித்துவிடலாம். இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. சி4 வராவிட்டால் அல்பினே இல்லை. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர் லண்டன் என்ற ஓப்பனிங்தான் ஆடுகிறார்கள், இரண்டாவதிலேயே பிஷப் எஃப்4. அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சேரிடம் ஸ்லாவுக்குப் பதில் அதைக் கேளுங்கள், போட்டிக்கு முதல்.