ஊசி குத்தினால் கட்டி பரவுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி, வலி இல்லை. மேமோகிராம் பார்த்துவிட்டு பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்னார்கள். ‘ஊசி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிடும்’ என்று திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா தடுக்கிறார். இரண்டு மாதமாக முள் சீத்தா இலைக் கஷாயம்தான் குடிக்கிறார். சர்க்கரையையும் அடியோடு நிறுத்தியாச்சு. என்ன செய்யட்டும்?

பதில்: கஷாயத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே பயாப்ஸிக்குக் கூட்டிப் போங்கள். கட்டி எல்லாமே புற்றும் இல்லை. அதைச் சொல்லப்போவதே இந்தப் பரிசோதனைதான்.

பெரியம்மாவின் பயம் எப்படி வந்ததென்று எனக்குப் புரிகிறது. பலர் கட்டியை வெளியே சொல்லாமல் மறைத்து, அது புண்ணாகி, அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் வருகிறார்கள். அதற்குள் நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கும். ஊர்க்காரர்கள் பார்ப்பது ஒன்றுதான்: ஊசி போட்டார்கள், ஆள் படுத்துவிட்டார்.

ஊசி போன தடத்தில் சில செல்கள் நகரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மார்பகத்தில் அவை அங்கேயே பிழைத்து வளர்வது மிக மிக அரிது. (ஆண்களின் விரையில் கட்டி என்றால் நாங்களே ஊசி குத்த மாட்டோம், தொடை இடுக்கு வழியாக விரையை எடுத்துத்தான் சோதிப்போம். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பதற்குக் கணக்கு உண்டு.)

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மரத்துப்போக ஓர் ஊசி போடுவார்கள். அப்புறம் கருவி ‘டக்’கென்று சத்தம் போடும்; அந்தச் சத்தத்துக்குத்தான் பலரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார்கள். சேமியாத் துண்டு மாதிரி சில இழைகள் ஃபார்மலின் பாட்டிலில் விழும். சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் கட்டி நீலம் பாரித்தால் சில நாளில் மறையும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

புற்று என்று வந்தால், அதே துண்டில் ஈஆர், பிஆர் (ஹார்மோனால் வளரும் புற்றா என்பது), ஹெர்-2 (புற்றை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) பார்ப்பார்கள். முதலில் ஆபரேஷனா, கீமோவா என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். ‘பயாப்ஸி எதற்கு, கட்டியை எடுத்துட்டே பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். அப்படி அரைகுறையாக எடுத்துவிட்டு இரண்டாவது ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் உண்டு.

சர்க்கரை விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. புற்றுச் செல் குளுக்கோஸை நிறையவே இழுக்கும். உடம்பில் புற்று எங்கே இருக்கிறதென்று காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதனால்தான். ஆனால் நீங்கள் நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். பட்டினி கிடந்தால் இளைத்துப்போவது அம்மாதான், அப்புறம் கீமோவைத் தாங்க முடியாது. இட்லி, பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் சாப்பிடட்டும். நீரிழிவு இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு போதும்.

முள் சீத்தா சோதனைக்கூடத்துச் செல்களைக் கொன்றிருக்கிறது. மனிதர்களுக்குப் புற்றைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. அதிலுள்ள அன்னோனசின் என்ற ரசாயனம் நரம்பைப் பாதிக்கக்கூடியது.

இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் தொடங்கி 20 ஆண்டு நடத்திய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் மார்பைக் கையால் பரிசோதித்துவந்த 50 வயது தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்று மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. சீக்கிரம் கண்டுபிடித்ததன் பலன் அது. அம்மாவும் அந்த வயதுக்காரர்தான், இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

பயாப்ஸியை எங்கே எடுத்தாலும் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் (துண்டைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடு) மெழுகு பிளாக்கையும் (துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு பரேலிலுள்ள டாடா மெமோரியலுக்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.