நன்றியுரையில் விடுபட்ட பெயர்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சபையில் 14 வருடமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்தை நான்தான் பழக்குகிறேன். குடில் ஜோடிப்பதும் என் பொறுப்பு. நிகழ்ச்சி முடிந்த பிறகு ஆலயத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் எப்படியோ என் தலையில்தான் வந்து விழும். போன கிறிஸ்துமஸ் நன்றியுரையில் மைக் செட் போட்டவரில் தொடங்கி, மேடைக்குத் திரைச்சீலை வாங்கிக் கொடுத்த குடும்பம் வரைக்கும் எல்லார் பெயரும் வாசிக்கப்பட்டது. என் பெயர் வரவேயில்லை. அன்றைக்கு ராத்திரி 11 மணிக்குத் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கூட ஒரு வயதான அம்மா மட்டும் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “ஊழியம் செய்கிறவள் பேரை எதிர்பார்க்கலாமா?” என்கிறார் வீட்டுக்காரர். இந்த வருடக் கமிட்டி கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போக மனமில்லை. நன்றியை எதிர்பார்ப்பது பாவமா? நன்றியுள்ள மனதோடு ஊழியம் செய்வது எப்படி?

– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பாவம் இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

“வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது” என்ற வசனத்தை உங்களிடம் யாராவது ஏற்கெனவே நீட்டியிருப்பார்கள். மலைப்பிரசங்கத்தில் வருகிற அந்த வார்த்தை, கொடுக்கிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. வாங்கிக்கொண்டவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அதில் அனுமதி எதுவும் இல்லை. சபைகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. உழைத்தவருக்குத் தாழ்மையைப் போதித்துவிட்டால் நன்றி சொல்லும் வேலை மிச்சம் என்று சிலருக்கு நினைப்பு.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் வருகிறார்கள். சுகமானதும் ஒருவன் திரும்பி வந்து காலில் விழுகிறான், அதுவும் யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன். “மற்ற ஒன்பது பேர் எங்கே?” என்று இயேசுவே கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் ஆறுதல். நன்றி வராததை அவரே கவனித்திருக்கிறார், வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறார். அதற்காக அந்த ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாக எங்கும் எழுதவில்லை.

அந்த ஒன்பது பேரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்” என்று அவர்தான் அனுப்பினார். அவர்கள் சொன்ன வேலையைச் செய்யத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, அவசரத்தில் இருந்தவர்கள். உங்கள் நன்றியுரையை எழுதியவரும் பெரும்பாலும் அந்த ரகம்தான். நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னால், ஒரு தாளின் பின்பக்கத்தில், கண்ணில் பட்ட பெயர்களை எழுதியிருப்பார். மைக் செட் கண்ணில் படும். திரைச்சீலை கண் முன்னால் தொங்கும். நீங்கள் அந்தத் திரைக்குப் பின்னால், வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, ஆட்டுக்குட்டி வேஷம் போட்ட பிள்ளைக்கு வாலைத் தைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். 14 வருடம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் அது தானாக நடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. விளக்கு எரியும்போது கம்பியை யார் நினைக்கிறார்கள்?

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு வருடம் எங்கள் சபையில் நன்றியுரை வாசித்தது நான். பாடகர் குழு, ஒலி, ஒளி, காணிக்கை கொடுத்தவர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை. வெளியே வந்தால், சாயங்காலம் முழுக்க வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திய அண்ணன் எதிரே வந்தார். “புரோகிராம் நல்லா இருந்துச்சாமே?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு பாட்டைக்கூடப் பார்க்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த “இருந்துச்சாமே” இன்னும் காதில் இருக்கிறது.

பவுல் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தை நாம் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போய்விடுவோம். ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதை எழுதும்போது அவர் ரோமாபுரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அதிலும் பொத்தாம்பொதுவாக இல்லை. மரியாள் உங்களுக்காக மிகவும் பாடுபட்டாள், பெர்சியாள் மிகவும் உழைத்தாள், ரூபுவின் தாய் எனக்கும் தாய் என்று ஆளுக்கொரு வார்த்தை. எனக்கு மிகவும் பிடித்தது 22-ஆம் வசனம். பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர் தெர்தியு. நடுவில் அவர், “இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்” என்று தன் வாழ்த்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறார். பவுல் அதை அடிக்கவில்லை. கை வலிக்க எழுதியவனுக்கு ஒரு வரி சொந்தம்!

இனி, என்ன செய்வது என்று பார்ப்போம்.

கமிட்டி கூட்டத்துக்குப் போங்கள். போகாமல் இருந்தால் உங்கள் வருத்தம் யாருக்கும் தெரியாது. “அவங்களுக்கு என்னவோ உடம்பு சரியில்லையாம்” என்று பேச்சு முடிந்துவிடும். கூட்டத்துக்கு முன்னாலேயே போதகரைத் தனியாகப் பார்த்து நேரடியாகச் சொல்லிவிடுங்கள். “ஐயா, போன வருடம் நன்றியுரையில் என் பெயர் வராதது எனக்கு வருத்தமாக இருந்தது” என்றால் போதும், ஒரு வாக்கியம். அதற்கு முன்னும் பின்னும் 14 வருடக் கணக்கை அடுக்காதீர்கள். அடுக்கினால் அவர் கணக்குக்குத்தான் பதில் சொல்வார், வருத்தத்துக்குச் சொல்ல மாட்டார்.

முறையிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். அன்றாடப் பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்த வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்ததாகத்தான் தெரிகிறது. அந்த ஏழு பேரில் முதல் பெயர் ஸ்தேவான். பந்தி விசாரணைக்கு நியமிக்கப்பட்ட அந்த மனிதரின் திருநாளை மேற்கத்திய சபைகளின் நாட்காட்டி டிசம்பர் 26-இல் வைத்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்! நாற்காலிகளை மடக்கி, ஒயர் சுருட்டுகிற நாள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

அடுத்தது, மூன்று வேலையில் இரண்டை இறக்கி வையுங்கள். நாடகம் உங்கள் உயிர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். குடிலை வாலிபர் சங்கத்திடம் கொடுங்கள். நட்சத்திரம் கோணலாகத் தொங்கும், ஞானிகளின் ஒட்டகம் தொழுவத்துக்குள் நிற்கும். நிற்கட்டும். நீங்கள் போய்த் திருத்தாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. சுத்தம் செய்வதற்குப் பெயர் போட்டு ஒரு பட்டியல் வேண்டும் என்று கூட்டத்தில் கேளுங்கள். ஐந்து குடும்பம் சேர்ந்தால் முக்கால் மணி நேர வேலை. எதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறு தொடங்குகிறது. அதற்குள் யார் எதைச் செய்வது என்று முடிவாகிவிட வேண்டும். டிசம்பர் 20-ஆம் தேதி கைவிட்டால் அதில் அடிபடுவது கமிட்டி அல்ல, வசனம் மனப்பாடம் செய்த பிள்ளைகள்.

வேலையைக் குறைத்துக்கொள்ள மனசு உறுத்துகிறதா? லூக்கா 10-இல் இயேசுவை வீட்டுக்கு அழைத்துப் பணிவிடை செய்துகொண்டே, சகோதரி மரியாள் உதவவில்லை என்று அவரிடம் புகார் சொன்ன மார்த்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரசங்கத்திலும் பாவம் அவளுக்குத் திட்டு விழும். இயேசு அவளிடம் குறையாகச் சொன்னது பல காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குவதைத்தான். பணிவிடையை விட்டுவிடச் சொன்னதாக இல்லை. யோவான் 12-இல் பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து. அங்கேயும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். இந்த முறை யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சகோதரியைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. இரண்டு விருந்துக்கும் நடுவில் அவளுக்குள் என்ன நடந்தது என்று வேதம் சொல்வதில்லை. அடுப்படியை விட்டு அவள் வெளியேறவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

அப்புறம், இந்த வருடம் நன்றியுரைப் பட்டியலை நீங்களே எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யார் எங்கே நின்று என்ன செய்தார்கள் என்று 14 வருடமாக உள்ளே இருந்து பார்த்தவர் நீங்கள். ஒரு சிறிய நோட்டை வைத்துக்கொண்டு, ஒத்திகை தொடங்கும் நாளிலிருந்தே எழுதுங்கள். “உதவிய அனைவருக்கும்” என்ற வரி அந்த நோட்டில் வரவே கூடாது. யார், என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று மூன்றும் இருக்கட்டும். “ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னால் வந்து ஆலயத்தைத் திறந்து, நாற்காலி போட்டு வைத்த கோவில்பிள்ளைக்கு, அதனால் ஒரு நாள்கூட நாங்கள் தாமதமாகத் தொடங்கவில்லை” என்று எழுதினால் அவர் அதை வீட்டில் போய்ச் சொல்வார். காணிக்கை கொடுத்தவர்கள் பெயரும் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் ஆலயத்தைத் திறந்தவர் வரட்டும். கடைசியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள், தெர்தியு மாதிரி. கை கூசினால் நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

நோட்டில் எழுதியதை மேடைக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம். அந்தந்த வாரமே அவரவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். நன்றியுள்ள மனது எப்படி வரும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வழி இதுதான். மனசு வரும்வரை காத்திருந்து நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது மனசு கொஞ்சம் பின்னாலேயே வந்து சேரும். சில நாள் வராது. சொன்னது சொன்னதுதான்.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ராத்திரி 11 மணிக்கு முறத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில், அந்த நேரத்தில், வீட்டுக்குப் போகாமல் உங்களோடு ஏன் நின்றார்? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கிறிஸ்துமஸ் ராத்திரி வீட்டுக்குப் போனால் அங்கே யாராவது இருக்கிறார்களா? நீங்கள் அழுததை அவர் பார்த்திருப்பார். அவருக்கும் நன்றியுரையில் பெயர் வரவில்லை. ஒத்திகை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். நோட்டின் முதல் பக்கத்தை அவருக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நானும் நிறையச் சுரண்டியிருக்கிறேன். சூடாக இருக்கும்போது தொடாதீர்கள், இழுகிவிடும். இறுகிய பிறகு பழைய பிளாஸ்டிக் கார்டால் தள்ளினால் தகடு தகடாக வந்துவிடும். பீடத்துணியில் விழுந்திருந்தால் சுரண்டிவிட்டு, மேலேயும் கீழேயும் அச்சில்லாத தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள், மிச்சத்தைத் தாள் உறிஞ்சிவிடும். பாதி மெழுகு சிந்துவதே பற்றவைக்கும்போதுதான். எரிகிற மெழுகுவர்த்தியைப் பிள்ளைகள் சாய்த்துச் சாய்த்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எரிகிறதை நேராகப் பிடித்துக்கொண்டு, எரியாததைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும் என்று கடைசி ஒத்திகையில் சொல்லிக் கொடுங்கள். முதல் வரிசைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும், பின்னால் இருப்பவர்கள் பார்த்தே செய்துவிடுவார்கள்.