வாசகர் கேள்வி – பதில்: டீச்சர் வீட்டிற்கு இப்போது போகலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் நான் படித்த நகராட்சித் தொடக்கப் பள்ளியில், ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் சென்ற ஆவணி மாதம் காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. நான் இருப்பது நெய்வேலியில். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம்தான். பொங்கலுக்குப் போகலாம், கோடை விடுமுறையில் போகலாம் என்று முப்பது வருடங்களைக் கடத்திவிட்டேன்.

வகுப்பில் கடைசியாக எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துப் பலப்பத்தை நகர்த்தி நகர்த்தித்தான் டீச்சர் எனக்கு எழுத்து வரவைத்தார். 1979இல் நான் இரண்டாம் வகுப்பு. புதிய எழுத்து வந்திருந்த சமயம். ‘யானை’ என்று கரும்பலகையில் எழுதும்போது, பழக்கத்தில் தும்பிக்கை வைத்த பழைய ‘னை’ அவர் கையிலிருந்து வந்துவிடும். உடனே உள்ளங்கையால் அழித்துவிட்டு, “எனக்கும் இது புதுசுதான், சேர்ந்து கத்துக்கலாம்” என்பார். ஆண்டு விழாவில் அவர் கொடுத்த ஆத்திசூடிப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘நல்ல பிள்ளைக்கு’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அதில் உள்ள ‘ளை’ பழைய எழுத்து.

அவருடைய பிள்ளைகளுக்கு என்னை யாரென்றே தெரியாது. இத்தனை நாள் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போனால் தவறாக நினைப்பார்களா? என்னுடன் படித்த சிலர், பள்ளியில் படத்திறப்பு நடத்தி, முதல் மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு டீச்சர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கலாம் என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

– வாசகி, நெய்வேலி

பதில்: அவசியம் போங்கள், சகோதரி. துக்கம் விசாரிப்பதற்குக் கெடு எதுவும் கிடையாது. சில வீடுகளில் செவ்வாய், வெள்ளி பார்ப்பார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்பினால் போதும்.

அவர்களுக்கு உங்களைத் தெரியாது என்பதைத் தயக்கத்திற்குக் காரணமாகச் சொல்கிறீர்கள். நீங்கள் போக வேண்டியதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். என் அம்மாவும் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். விடியற்காலையில் சமைத்து இறக்கி வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவதையும், மாலையில் களைத்துத் திரும்புவதையும், இரவில் திருத்த வேண்டிய நோட்டுகளைப் பாயில் பரப்பிக்கொண்டு உட்காருவதையும்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அவருடைய புடவை முந்தானையின் நுனியில் எந்நேரமும் ஒரு சாம்பல் நிறக் கறை இருக்கும். எவ்வளவு துவைத்தாலும் முழுதாகப் போகாது. பாட்டி அதைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பார்.

அம்மா இறந்து நான்கு மாதம் ஆன பிறகு, லாரி ஓட்டும் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிலேட்டைப் பிள்ளைகள் எச்சில் தொட்டு அழித்தால் டீச்சருக்குப் பிடிக்காது என்றும், அழிக்கத் துணியில்லாத பிள்ளைகளிடம் தன் முந்தானையை நீட்டி, “இதில் துடைத்துக்கொள்” என்பார் என்றும் அவர் சொன்னபோதுதான் அந்தக் கறை எதனால் வந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. கால் மணி நேரம்கூட அவர் இருக்கவில்லை. காபியைக்கூடப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பதினாறு நாளும் வந்துபோன உறவினர்கள் யாராலும் கொடுக்க முடியாத ஒன்றை அவர் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் டீச்சர் ‘னை’யை அழித்து எழுதியதும் அந்த வீட்டாருக்குத் தெரியாத செய்தியாகவே இருக்கும். இன்றைய இளைஞர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். பெரியார் 1935 முதல் தம் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள், ஐகாரத்தில் ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளின் உருவம் மாறியது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சிறு வயதிலிருந்து கை பழகிய எழுத்தை, தன்னைப் பார்த்து எழுதும் குழந்தைகளின் எதிரிலேயே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த ஆசிரியர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தவறிவிட்டால் கமுக்கமாக அழித்துவிட்டு மேலே போயிருக்கலாம். உங்கள் டீச்சரோ, தானும் கற்றுக்கொண்டிருப்பதை ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னார். எழுத்துக் கூட்டத் திணறிக்கொண்டிருந்த உங்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்! அதை அவருடைய பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பொதுவாக ‘நல்ல டீச்சர்’ என்று சொல்வதற்கு ஊரில் பலர் இருப்பார்கள். உங்கள் விரல்களை அவர் பிடித்துக்கொண்டதை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும்.

முப்பது வருடம் போகாமல் இருந்ததைப் பற்றி அங்கே நீளமாகப் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்களை உங்களுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆக்கிவிடும். “முன்னாடியே வந்திருக்கணும்” என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

படத்திறப்பு நடத்துங்கள், குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு, தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். பரிசு விஷயத்தில் மட்டும் உங்கள் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. கடைசியாகக் கற்றுக்கொண்ட பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்தவரின் பெயரை முதல் மதிப்பெண்ணுக்குச் சூட்டுவது அவருக்குப் பொருந்தவில்லை. அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பரிசுப் பணத்தில் அரும்பு நிலைக் குழந்தைகளுக்கென்று பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைப் புத்தகங்களாக வாங்கி, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் டீச்சரின் பெயரை எழுதிக் கொடுக்கலாமே. அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் உதவுவதற்கென்றே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற திட்டமும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. பணமாகத் தருவதானால் அந்த வழியில் தாருங்கள். கணக்கு ஒழுங்காக இருக்கும்.

போகும்போது அந்த ஆத்திசூடிப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வகுப்பில் அரசு சொன்னபடி புதிய எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர், உங்களுக்கென்று ஆசையாக எழுதும்போது தான் சிறுமியாகக் கற்ற ‘ளை’யைத்தான் எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் பார்த்தால் கட்டாயம் கேட்பார்கள். நெகிழ்ச்சியில் புத்தகத்தையே கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அது அவர் உங்களுக்குத் தந்தது. முதல் பக்கத்தை மட்டும் நல்ல தாளில் நகல் எடுத்து, ஓர் உறையில் போட்டு முன்னதாகவே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.