ஒற்றைச் சப்பாத்து

கேள்வி: வணக்கம் டீச்சர். அடுத்த மாதம் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். வரவேற்பன்று திரையில் ஓடவிட அவளுடைய சின்ன வயசுப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். 1996 தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கிவிட்டுப் படிக்கட்டில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம், மூக்கு ஒழுக அழுகை, கையில் பாதி கடித்த முறுக்கு. எனக்கு அதுதான் உயிர். அவளோ, "அம்மா, அது மட்டும் வேணாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். போதாததற்கு அந்தப் படம் பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் போடாதீர்கள். கல்யாணம் அவளுடையது, மொட்டையும் அவளுடையது. முந்நூறு பேர் பிரியாணிக்குக் காத்திருக்கும் மண்டபத்தில், அந்த அழுகை உங்களுக்கு என்ன என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் அதே தப்பைச் செய்தவள்.

1992, தீபாவளிக்கு முந்தின வாரம். பட்டர்வொர்த்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் பெர்ரிக் கப்பலில் பினாங்குத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்களிடம் கார் கிடையாது, பையனுக்கும் பெர்ரிதான் வேண்டும். அவனுக்கு அப்போது நாலு வயது. தீபாவளிக்கு வாங்கிய பாட்டா சப்பாத்தை அன்றைக்கே போட்டாக வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஜார்ஜ்டவுன் கரை கிட்டே வரும்போது பார்த்தால் ஒரு கால் வெறுங்கால். இடது சப்பாத்து கடலில்.

நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். பிலிம் சுருளில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, முப்பத்தாறாவது படம். அதைத் தீபாவளிக்கு வைத்திருந்தார். என்ன தோன்றியதோ, அங்கேயே அமுக்கிவிட்டார். படத்தின் வலது மூலையில் அவருடைய கட்டைவிரல் செம்மண் மேடு மாதிரி விழுந்திருக்கிறது. கீழே ஆரஞ்சு எழுத்தில் தேதி, அதுவும் தப்பு. கேமராவில் தேதி வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நடுவில் பையன், ஒரு சப்பாத்தோடு, வாயெல்லாம் பல்.

அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் சப்பாத்து கழன்று விழுந்த கதையைச் சொன்னேன். அவனுடைய இடைநிலைப்பள்ளிக் கூட்டாளிகள் வந்தபோதும் சொன்னேன். "பையனுக்குச் சின்னதிலிருந்தே கவனம் பத்தாது" என்று கூடவே ஒரு வரி. பெரிய நகைச்சுவை என்று நினைப்பு. அன்று ராத்திரி படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் நேராக்கினேன், மறுநாள் மறுபடி திரும்பியிருந்தது. ஒரு வாரம் இப்படியே நடந்த பிறகு கழற்றிப் பீரோவில் வைத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

2020 டிசம்பர் 31, பழைய பெர்ரிகள் கடைசியாக ஓடிய நாள். கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணினான். "அம்மா, அந்தச் சப்பாத்துப் படத்தப் போன்ல எடுத்து அனுப்புங்க." அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழைத்தான். சப்பாத்து கழன்று விழவில்லையாம். இவனேதான் கழற்றிப் போட்டானாம், மிதக்குமா மிதக்காதா என்று பார்க்க. கொஞ்ச தூரம் மிதந்ததாம். இருபத்தெட்டு வருஷமாக ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தது தப்புக் கதை! வாயெல்லாம் பல்லாக அவன் ஏன் சிரித்தான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது ஓடும் பெர்ரியில் குளுகுளு அறையில் உட்கார்ந்து போகலாம். கார் ஏறாது. நாலு வயசுப் பிள்ளை சப்பாத்தை எறிந்து பார்க்க வசதி இருக்கிற மாதிரித் தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், மருதாணி வைக்கிற ராத்திரி கூட ஆகலாம், மகளும் நீங்களும் மட்டும் அந்தப் படத்தோடு உட்காருங்கள். முறுக்கை யார் கொடுத்தது, நேர்த்திக்கடன் எதற்காக வைத்தீர்கள், கூட்டத்தில் அவளை யார் தோளில் தூக்கி வந்தார்கள், இதெல்லாம் படத்தில் கிடையாது. அவளுக்கும் தெரிய வழியில்லை. மலைமேல் இன்று நாம் பார்க்கும் கோயிலுக்கே 2012-இல்தான் குடமுழுக்கு நடந்தது. உங்கள் மகள் நின்று அழுதது பழைய கோயிலுக்கு ஏறிய காலத்தில். அதையும் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்பது மொட்டையையா, இல்லை நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற விதத்தையா என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் இரண்டாவதுதான்.

சரி, ஆல்பம். கண்ணாடித்தாளை உரித்தால் சர்ரென்று சத்தம் வருமே, அந்தப் பசை வரி போட்ட ஆல்பம்தானே? அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான். அந்தப் பசை நாளாக நாளாகப் பழுப்பேறி இறுகிவிடும். நகத்தால் நெம்பாதீர்கள், மூலை கிழியும். முதலில் தாளை மெதுவாக உரித்துவிட்டு, படத்தை இருக்கிற இடத்திலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள், தெளிவின் அளவை 600 டிபிஐ என்று வைத்தால் போதும். அப்புறம் மெழுகு பூசாத பல் நூலை, அதாவது பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்வோமே, அந்த நூலை, படத்துக்கு அடியில் விட்டு ரம்பம் அறுப்பதுபோல் இப்படியும் அப்படியுமாக இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், ஸ்கேன்தான் கையில் இருக்கிறதே. தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நெகட்டிவ் உறையை அங்கே செருகி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கிடைத்தால் அந்தச் சுருள் முழுவதையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அழுகைக்கு முந்தின படத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கே பார்க்க ஆசையாக இருக்கிறது.