சின்ன இடத்தில் பவளமல்லி: கேள்வி பதில்

முத்தியால்பேட்டையிலிருந்து: ஐயா, வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்கு எட்டடிதான் இடம். வாசனைப் பூ மரம் ஒன்று வேண்டும். மரமல்லி வைக்கலாமா?

மரமல்லி வேண்டாம். மாடியைத் தாண்டி நெடுநெடுவென்று போகும், கிளையும் சுலபமாக முறியும். 2011 கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்கள் அதைச் சுவரோரம் நட மாட்டார்கள். பவளமல்லி வையுங்கள். விட்டால் முப்பதடிகூடப் போகும்தான். ஆனால் வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம், எட்டுப் பத்தடியில் நிறுத்திவிடலாம். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, காலை வெயில் விழும் பக்கமாக நடுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணா, எங்கள் பவளமல்லி தழைத்து நிற்கிறது, பூ மட்டும் சொற்பம். ஆடியில் கிளைகளை நன்றாகக் கழித்தும் விட்டோம்.

அங்கேதான் பூ போனது. புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும். ஆடியில் கழித்தால் மொட்டு வைக்க வேண்டிய நுனி எல்லாம் குப்பைக்குப் போய்விடும். நம் பக்கம் ஆவணி, புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை பூக்கும். பூ ஓய்ந்த பிறகு, தை மாசியில், மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். உள்ளே குறுக்கே ஓடும் குச்சிகளையும் எடுத்துவிட்டால் காற்று புகுந்து போகும், புயலுக்கும் அது நல்லது. தட்டையான காய்களைக் கிள்ளிவிடுங்கள். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள், அது இலையைத்தான் வளர்க்கும். தொழு உரம் போதும்.

வில்லியனூரிலிருந்து: களிமண், கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்குகிறது. தாங்குமா?

தாங்காது, வேர் அழுகும். மணலும் மக்கிய இலையும் கலந்து ஒன்றரை அடி மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: கடல் பக்கத்து வீடு. எதை வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது.

உப்புக்காற்று. உங்களுக்கு ஈழத்தலரிதான் சரி. நர்சரியில் ப்ளுமேரியா என்று கேளுங்கள். மணலும் உப்பும் அதற்குப் பெரிய தொல்லை இல்லை. இரவில்தான் மணம் தூக்கலாக இருக்கும். குச்சி வெட்டினால் பால் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். பால் கையில் பட்டால் அரிக்கும். மழைக்காலத்தில் இலையடியில் மஞ்சள் பொடி கண்டால் துருநோய். அந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: பவளமல்லி தரையில் உதிர்ந்துதானே கிடைக்கிறது, பூஜைக்கு ஆகுமா? கம்பளிப்பூச்சி வேறு வருகிறது.

ஆகும். உதிர்ந்த பூவை ஒதுக்குகிற வீடுகளிலும் இதற்கு மட்டும் விலக்கு உண்டு. ராத்திரியே மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துவிடுங்கள், மண் ஒட்டாது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து அன்னை பூக்களுக்குப் பெயர் சூட்டியபோது இதற்கு ‘ஆர்வம்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். கம்பளிப்பூச்சி சிறிதாக, கூட்டமாக இருக்கும்போதே அந்தக் கிளையை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் அமுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் அடியுங்கள்.