ஹேட்டரும் அத்தெலியே 17-உம்: கேள்வி பதில்

ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் பிரெஞ்சுக்காரர்தானே?

இல்லை, ஆங்கிலேய அச்சோவியக் கலைஞர். 1901இல் லண்டனில் பிறந்தார். வேதியியலும் நிலவியலும் படித்துவிட்டு ஈரானின் அபாதானில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1926இல் பாரிஸ், மறு ஆண்டே சொந்த அச்சோவியப் பட்டறை. 1933இல் அது காம்பான் பிரமியேர் தெரு 17ஆம் எண்ணுக்கு மாறியது. அத்தெலியே 17, அதாவது ‘பட்டறை 17’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1940 முதல் நியூயார்க், 1950இல் மீண்டும் பாரிஸ். 1988இல் அங்கேயே இறந்தார்.

அந்தப் பட்டறையின் முறையில் ஒரே உலோகத் தகட்டில், ஒரே அழுத்தலில் மூன்று வண்ணம் எப்படி வருகிறது?

தகட்டை அமிலத்தில் படிப்படியாக அரித்து மேடு, நடு, பள்ளம் என்று மட்டங்கள் உண்டாக்க வேண்டும். பள்ளக் கோடுகளில் முதல் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகச் சேர்த்து இளக்கிய மையைக் கெட்டி ரோலரில் எடுத்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். மேட்டில் மட்டும் பிடிக்கும். கடைசியாக, எண்ணெய் குறைந்த இறுகிய மையை மெத்து ரோலரில் அழுத்தி ஓட்டுங்கள். அது தாழ்ந்த மட்டம்வரை இறங்கும். மேட்டிலுள்ள இளக்கமான மை அதை ஏற்காது. பிறகு ஈரத்தாள் வைத்து அச்சில் ஒரே ஓட்டு.

செய்து பார்த்தேன் சார், வண்ணமெல்லாம் கலந்து சேறாகிவிட்டது.

இரண்டு மையும் ஒரே பதத்தில் இருந்திருக்கும். கத்தியில் அள்ளித் தூக்கிப் பாருங்கள்: ஒன்று தேன்போல ஒழுக வேண்டும், மற்றது கத்தியிலேயே நிற்க வேண்டும். ரோலரையும் கவனியுங்கள். ஒரே சுற்றில் தகடு முழுவதும் முடிய வேண்டும், 30 செ.மீ. தகட்டுக்குக் குறைந்தது 10 செ.மீ. விட்டம். சிறியதென்றால் இரண்டாம் சுற்று தொடங்கும் இடத்தில் கோடு விழும். மெத்து ரோலரை மேசைமேல் படுக்க வைக்கவே கூடாது, தட்டையாகிவிடும்.

இந்த முறையைக் கண்டுபிடித்தது கிருஷ்ணா ரெட்டி. ஹேட்டருக்குப் புகழ் கொடுப்பது அநியாயம்.

பாதி சரி. ஹேட்டர் 1946இல் அச்சிட்ட ‘ஐந்து உருவங்கள்’ பல வண்ணப் படம்தான், ஆனால் வண்ணங்களைத் தகட்டில் ஏற்றியது பட்டுத்திரை வழியாக (மையைத் துணித்திரையினூடே தள்ளும் முறை). மையின் பதத்தை வைத்தே வண்ணம் பிரிப்பது 1950களில் பாரிஸ் பட்டறையில் உருவானது. அதில் அங்கே வேலை செய்த இந்தியக் கலைஞர்களான கிருஷ்ணா ரெட்டிக்கும் கைக்கோ மோதிக்கும் பெரும்பங்கு உண்டு.

அப்படியானால் ஹேட்டர் என்னதான் செய்தார்?

அங்கே யாரும் தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் அவர். ரெட்டி சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர், பின்னர் சிற்பியாகப் பயின்றவர். அதனால்தான் தகட்டைச் சிற்பம்போலக் குடைந்தார். அவருடைய 1963ஆம் ஆண்டுச் ‘சுழல்’ படத்தை அருகில் வைத்துப் பாருங்கள், குடைந்த ஆழமே வண்ணமாகியிருக்கிறது. ஒருவர் பெயரை எழுத மற்றவர் பெயரை அழிக்க வேண்டியதில்லை.

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் ஹேட்டரின் பட்டறைக்குப் போனாரா?

ஆம், நியூயார்க் பட்டறைக்கு, 1944–45இல்.

பிரிண்ட் என்றால் வெறும் நகல்தானே?

மூன்றாம் முறையாக வரும் கேள்வி இது. இல்லை. நகலுக்கு மூலம் வேண்டும். இங்கே படம் பிறப்பதே தாளில்தான்.

என்னிடம் உள்ள பிரிண்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

ஏல நிறுவனத்தில் கேளுங்கள்.

துத்தநாகத் தகட்டை அரிக்க நைட்ரிக் அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள்! கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அளவை நேரில் செய்துகாட்டும் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பிறகே பாட்டிலைத் திறங்கள்.