குதிரை பூட்டிப் புல் அறுப்பது

கேள்வி: அமெரிக்காவில் நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் இன்னும் குதிரை கட்டித்தான் விவசாயம் செய்கிறார்களாமே? தீவனப் புல் அறுப்பதுகூடக் குதிரையை வைத்துத்தானா?

– வாசகர், மணப்பாறை

பதில்: ஆமாம், அதுவும் குதிரையை வைத்துத்தான். ஒஹையோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டி பக்கம் போனால் பெல்ஜியன் குதிரைகளைப் பார்க்கலாம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 900 கிலோ இருக்கும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் வயல் வேலைக்குப் பெரும்பாலும் கோவேறு கழுதைதான்.

புல் அறுக்கும் பழைய வண்டிக்கு எஞ்சினே கிடையாது. குதிரை இழுக்க இழுக்க இரும்புச் சக்கரம் சுழலும், அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாகப் போய், பக்கவாட்டில் தரையை ஒட்டி நீண்டிருக்கும் பல் பல்லான கத்தியை இப்படியும் அப்படியும் ஓட்டும், குதிரை நின்றால் கத்தியும் நின்றுவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இந்த ஏற்பாடுதான்.

அறுத்த புல்லைப் புரட்டிப் போட்டு, வரிசையாக வாரி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் கட்டி அடுக்குவார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு அடுக்கினால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, சில வாரங்களுக்குள் கொட்டகையே தீப்பிடித்துவிடவும் கூடும், நம் ஊர் வைக்கோல்போரில் ஈரம் தங்கினால் புழுங்குமே, அதே சங்கதிதான், இன்னும் கொஞ்சம் மோசம்.

அதற்காக இயந்திரமே தொடமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். புல்லைக் கட்டும் இயந்திரத்தின் மேல் எஞ்சின் வைத்துக்கொள்ளப் பல ஆமிஷ் சபைகள் அனுமதிக்கின்றன; ஆனால் அந்த எஞ்சின் கட்டுக் கட்ட மட்டும்தான், வண்டியை இழுப்பது அப்போதும் குதிரையோ கோவேறு கழுதையோதான்!